நிலக்கரி உற்பத்தியும் அரசின் கண்காணிப்பும்

செட்டியார்பட்டியிலும் தளவாய்புரத்திலும் தையல் இயந்திரங்கள் ஓடவும், இராஜபாளையத்து நூற்பாலைகளில் கதிர்கள் சுழலவும் மின்சாரம் இன்றியமையாதது. காற்றாலையும் சூரிய ஒளியும் இன்று பங்கு கொண்டபோதிலும், நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி நிலக்கரியையே நம்பியுள்ளது. நமக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடி அனல்மின் நிலையத்திற்கு ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கக் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலேறி வருகிறது. இத்தொழிலைப் பெருக்குவதில் அரசின் கண்காணிப்பு எவ்வாறு அமைந்தது, எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

நாட்டுடைமை

இந்தியாவில் நிலக்கரித் தொழில் 1774இல் இராணிகஞ்சில் தொடங்கியது. தனியார் கையில் இருந்தபோது, எளிதில் கிடைக்கும் கரியை மட்டும் எடுத்துவிட்டு எஞ்சியதைப் பாழாக்குவதும், பாதுகாப்புச் செலவைக் குறைப்பதும், உரிய கூலி கொடாமையும் மிகுந்திருந்தன. ஆகவே, எஃகு ஆலைக்குரிய கோக் கரிச் சுரங்கங்களுள் பெரும்பாலானவை 1972இலும், ஏனையவை 1973இலும் நாட்டுடைமையாயின. இதனை முன்னின்று நடத்தியவர் தமிழரான மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். 1975இல் கோல் இந்தியா நிறுவனம் தோன்றியது.

அன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 2024-25இல் 100 கோடி டன்னைக் கடந்தது. ஆழச் சுரங்கங்களின் இடத்தைத் திறந்தவெளிச் சுரங்கங்கள் பிடித்தன. மேல்மண்ணை இராட்சத இயந்திரங்களால் அகற்றிக் கரியை வாரும் இம்முறையிலேயே இன்று 90 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கிறது.

உடைமையாளரே காவலரா?

இங்கே ஒரு வினா எழுகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரே அதன் தணிக்கையாளராகவும் இருந்தால் கணக்கு எவ்வாறிருக்கும்? சுரங்கத்தின் உடைமையாளரும் அரசு, அதனைக் கண்காணிப்பதும் அரசு என்னும்போது இவ்விடர் தோன்றவே செய்யும்.

1975 டிசம்பர் 27இல் தன்பாத் அருகே சாஸ்னாலாச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அச்சுரங்கம் அப்போது அரசின் நிர்வாகத்தில் இருந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் இருந்தது. அதற்கெனத் தனி ஆய்வுத்துறையும் இருந்தது. உடைமை மாறியதனால் மட்டும் உயிருக்குக் காவல் வந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

1993 முதல் சுரங்கப் பகுதிகள் ஏலமின்றி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டன. இதனால் கருவூலத்துக்கு நேர்ந்த இழப்பைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2012இல் வெளியிட்டது. 2014இல் உச்சநீதிமன்றம் 204 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. திருத்தம் துறைக்கு உள்ளிருந்து வரவில்லை, வெளியிலிருந்தே வந்தது.

எடையும் தரமும்

நிலக்கரியை வெப்பத்திறன் கொண்டு 17 தரங்களாகப் பிரிக்கின்றனர். உயர்ந்த தரத்துக்கு விலை கொடுத்துத் தாழ்ந்த தரத்தைப் பெற்றால் இழப்பு மின்வாரியத்தையும், முடிவில் மின் கட்டணத்தையும் சேரும். எனவேதான் ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் மாதிரி எடுக்கும் முறை வந்தது. இருப்புக் கணக்கும் அவ்வாறே. வடசென்னை அனல்மின் நிலையத்தில் ஏட்டில் இருந்த 2.38 லட்சம் டன் கரி களத்தில் இல்லை என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசே அறிவித்தது.

நிலத்தின் கணக்கு

நம் மாநிலத்தில் 1956இல் தோன்றிய நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரியால் தமிழகத்துக்கு ஒளி தந்தது உண்மை. ஆயினும் 2023இல் கால்வாய்ப் பணிக்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டதும் உண்மையே. டன் கணக்கை மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு அந்த வயல் தெரியாது.

முடிவுரை

எடுத்தது எவ்வளவு, அதன் தரம் என்ன, அதற்காக இழந்த உயிரும் நிலமும் எவ்வளவு என்னும் மூன்றையும் ஒருசேரக் கேட்பதே முழுமையான கண்காணிப்பாகும். நிலக்கரி அமைச்சகத்தின் ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் பொது ஏடுகள். பொருளியலும் வணிகவியலும் பயிலும் நாம் அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், குடிமக்களின் கண்ணும் அக்கண்காணிப்பில் சேர்ந்துவிடும்.