கோட்டன் கிராமமும் திராக்மார்ட்டன் குடும்பமும்

இங்கிலாந்து தேசத்தின் வாரிக்ஷயர் பகுதியில், ஆல்செஸ்டர் என்னும் சிறு நகருக்கு வடக்கே கோட்டன் என்றொரு கிராமம் உண்டு. ஆங்கில எழுத்துக்களைப் பார்த்தால் 'காஃப்டன்' என்றுதான் நமக்கு வாசிக்கத் தோன்றும். ஊரார் வாயிலோ அது 'கோட்டன்'. இவ்வூரின் பெரிய மாளிகை ஆறு நூற்றாண்டுகளாகத் திராக்மார்ட்டன் என்னும் நிலக்கிழார் குடும்பத்தோடு இணைந்தது. 1409-ஆம் ஆண்டில் ஜான் திராக்மார்ட்டன் என்பவர் எலினார் டி ஸ்பைனி என்ற பெண்மணியை மணந்தார். அப்பெண்மணியின் வழியாகவே இவ்வூர் இக்குடும்பத்திற்கு வந்தது. வம்சாவளியில் ஆண்களின் பெயர்களே வரிசையாய் நிற்கின்றன. ஆனால் தொடக்கமே ஒரு பெண்ணின் சொத்து என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மன்னன் எட்டாம் ஹென்றி தன் பட்டத்தரசி கத்தரீனைத் தள்ளிவிட்டு மறுமணம் செய்ய விரும்பியபோது, இக்குடும்பத்துத் தலைவர் சர் ஜார்ஜ் அதை எதிர்த்தார். 1537-இல் லண்டன் கோபுரச் சிறையிலும் கிடந்தார். அரசன் திருச்சபையினின்று பிரிந்து, கன்னியர் மடங்களையும் துறவியர் மடங்களையும் கலைத்துச் சொத்துக்களைப் பறித்துக்கொண்டான். கேம்பிரிட்ஜுக்கு அருகே டென்னி என்னுமிடத்தில் புனித கிளாரா சபைக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. அதன் கடைசித் தலைவி எலிசபெத் திராக்மார்ட்டன். மடம் போயிற்று. அத்தாயார் தம் கன்னியர் சிலரை அழைத்துக்கொண்டு கோட்டன் மாளிகைக்கு வந்து, 1547-இல் இறக்கும்வரை அங்கே தம் சபை ஒழுங்கின்படியே வாழ்ந்தார். வந்தபோது மடத்துக் கதவொன்றும் உடன் வந்தது! ஏழைகளுக்குத் தானம் வழங்குவதற்கென்று சிறு திறப்பு வைத்த மரக்கதவு அது; அவர் பெயரும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. பொன்னும் மணியும் போனபின் எஞ்சிய பொருளைப் பாருங்கள்.

இராணி முதலாம் எலிசபெத் காலத்தில் நிலைமை இன்னும் கடினமாயிற்று. ஞாயிறன்று அரசாங்கக் கோயிலுக்குப் போகாதவர்க்கு முதலில் 12 பென்ஸ் அபராதம். 1581-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது மாதத்திற்கு 20 பவுன் ஆயிற்று. ஒரு கூலியாள் ஆண்டு முழுதும் உழைத்தாலும் சம்பாதிக்க முடியாத தொகை இது! நிலபுலன் உள்ளவர்களே அபராதங்களால் நலிந்தனர். ஆகவே பல வீடுகளில் ஒரு வழி கண்டார்கள். சொத்தைக் காக்கக் கணவர் மட்டும் கோயிலுக்குப் போய்வருவார், மனைவி போகமாட்டார். வீட்டில் இரகசியமாய்ப் பூசைக்கு ஏற்பாடு செய்வதும், குருவானவருக்கு உணவளிப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வதும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பாயின. கணவர் செய்தது கோழைத்தனம் என்று எளிதில் தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அப்பெண்கள் இல்லாவிடில் அந்நாட்டில் விசுவாசம் எவ்வாறு எஞ்சியிருக்கும் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

1585 முதல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வருவதே இராஜத்துரோகம். அக்குருவுக்கு அடைக்கலம் தருபவருக்கும் மரணம். கோட்டன் மாளிகையின் கோபுரத்தில், ஓர் ஒளிவறைக்குக் கீழே இன்னொரு ஒளிவறை உண்டு. மேலறையைக் கண்டுபிடித்த சேவகர்கள் திருப்தியடைந்து போய்விடுவார்கள் என்பது தந்திரம். பிற்காலத்தில் அதைத் திறந்தபோது படுக்கையும், கயிற்றேணியும், மடக்கு பீடமும் உள்ளே இருந்தன. இதனை அமைத்தவர் இயேசு சபைச் சகோதரர் நிக்கோலாஸ் ஓவன் என்று கருதப்படுகிறது. தச்சரான அவர் 1606-இல் சித்திரவதையால் சிறையில் மாண்டார். 1970-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இக்குடும்பத்தார் செய்த அனைத்தும் புகழத்தக்கவை என்று நாம் சொல்ல வரவில்லை. கிளைக் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ், ஸ்காட்லாந்து இராணி மேரியை அரியணையேற்றச் சதி செய்து 1584-இல் கொல்லப்பட்டார். 1605-ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதியின் தலைவர் கேட்ஸ்பியின் தாயாரும் இக்குடும்பத்துப் பெண்ணே. அவ்வாண்டு மாளிகை எவரார்ட் டிக்பி என்பவருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. நவம்பர் 6-ஆம் நாள், சதி வெளிப்பட்ட செய்தி குதிரையில் வந்து சேர்ந்தபோது, அங்கே காத்திருந்தோர் டிக்பியின் மனைவியும், ஆன் வாக்ஸ் என்ற பெண்மணியும், கார்னெட் சுவாமியாரும். மறு ஆண்டு டிக்பியும் சுவாமியாரும் தூக்கிலேற்றப்பட்டனர். சதியில் பங்கில்லாத எத்தனையோ கத்தோலிக்கர் அதன் பிறகு இன்னும் கடுமையான சட்டங்களைச் சுமக்க நேர்ந்தது. சிலரது ஆத்திரத்திற்கு ஊரெல்லாம் விலை கொடுத்தது.

1688-இல் கலகக்காரர்கள் வந்து மாளிகையின் ஒரு பக்கத்தை அழித்தார்கள். 1791-இல் கத்தோலிக்கர் வெளிப்படையாய்ப் பூசை காண அனுமதி வந்தது. 1829-இல் உரிமைகள் மீண்டன. 1831-இல் திராக்மார்ட்டன் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1946-இல் மாளிகை தேசியப் பாதுகாப்பு நிறுவனமான நேஷனல் டிரஸ்டின் வசமாயிற்று.

குடியானவர்கள் என்ன ஆனார்கள்? நிலக்கிழார் கத்தோலிக்கராயிருந்த ஊரில் ஏழையும் ஓரளவு நிழல் பெற்றான். ஆனால் குருவானவர் ஒளிந்திருப்பதை அறிந்தும் வாய்திறவாத சமையற்காரியின் பெயரோ, குதிரைக்காரனின் பெயரோ ஏடுகளில் எளிதில் அகப்படுவதில்லை. ஏழைகளுக்குத் தானம் தந்த அந்த மரக்கதவு இன்றும் மாளிகையில் இருக்கிறது. வெளியே, திராக்மார்ட்டன் முன்னோர் கட்டிய பழைய கோயில் ஆங்கிலிக்கன் சபையாரிடமும், அதன் அருகே 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த புதிய கோயில் கத்தோலிக்கரிடமும் இருக்க, இரண்டும் ஒரே புல்வெளியைப் பார்த்தபடி நிற்கின்றன.