உடற்பயிற்சி செய்கிறீர்களா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்!

வீட்டுக்குள்ளேயே செய்யும் கடுமையான உடற்பயிற்சித் திட்டங்கள் இப்போது ஏராளம். 2020-ல் ஊரடங்கு வந்தபோது வாக்கிங் போக வழியில்லாமல் பல குடும்பங்கள் ஹாலில் பாயை விரித்தன. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 'அறுபது நாள்', 'தொண்ணூறு நாள்' என்று கெடு வைத்து தண்டால், பஸ்கி, குதிப்பு, பிளாங்க் என்று மூச்சு வாங்க வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் மூன்றாவது வாரத்திலேயே பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

காரணம் கேட்டால் ஒரே பதில்தான். "தினமும் முக்கால் மணி நேரம் உயிரை விடறேன் டாக்டர்... வெயிட் மிஷின் முள் அசைய மாட்டேங்குதே!"

எப்படி அசையும்? முதல் நாள் ராத்திரி ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டிருந்தால் உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ, இரண்டு கிலோ வித்தியாசம் வருவது சகஜம். பழக்கமில்லாத பயிற்சியால் வலிக்கிற தசைகள் தங்களைச் சரிசெய்துகொள்ள நீரைச் சேர்க்கும். அதனால் முதல் இரண்டு வாரம் எடை கொஞ்சம் ஏறினால்கூட ஆச்சரியமில்லை. பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இது இன்னும் அதிகம். இந்த மாதம் பத்தாம் நாள் எடையை அடுத்த மாதம் பத்தாம் நாள் எடையோடுதான் ஒப்பிட வேண்டும். நான் சொல்வது காலண்டரின் பத்தாம் தேதி அல்ல, மாதவிலக்கு வந்த நாளிலிருந்து பத்தாம் நாள்.

இன்னொரு விஷயம். ஆரம்ப வாரங்களில் வரும் பலம் தசை பெருத்ததால் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் தசை நார்களை அதிகமாக வேலைக்குக் கூப்பிட நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. எட்டு தண்டால் எடுத்தவர் பதினாலு எடுப்பார். கண்ணாடியில் பார்த்தால் கை அதே கைதான். எழுதி வைக்காவிட்டால் அந்த எட்டு மறந்தே போகும். 'ஒண்ணும் முன்னேறலை' என்று மனசு சொல்லும், நாமும் நம்பிவிடுவோம். அதற்குத்தான் நோட்டு.

நோட்டில் என்ன எழுதுவது?

காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே, நாடியை எண்ணுங்கள். மணிக்கட்டில் கட்டை விரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அதில் வாதம், பித்தம், கபம் பார்ப்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்கு எண்ணிக்கை போதும். நொடி முள் உள்ள கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் எண்ணிச் சராசரி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 60-லிருந்து 100 வரை இயல்பு என்பார்கள். உங்கள் சராசரி 74 என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி ஒழுங்காகப் போனால் சில வாரங்களில் அது மெதுவாக இறங்கும். இருதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

திடீரென்று ஒரு நாள் 84 காட்டினால்? அன்று கடும் பயிற்சி வேண்டாம். ராத்திரி தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் வரப் போகலாம், முந்தின நாள் பயிற்சி அளவுக்கு மீறியிருக்கலாம். கொஞ்சம் நடந்துவிட்டு விட்டுவிடுங்கள். ஜுரம் இருக்கும்போது "வியர்த்தா சரியாப் போயிடும்" என்று பஸ்கி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இருதயத் தசையையும் தொடும். அந்த நேரத்தில் கடும் உழைப்பு ஆபத்து.

அடுத்தது பயிற்சி எண்ணிக்கை. இங்கே பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். இடுப்பு தொங்காமல், மார்பு தரைக்கு அருகே போய் வந்த தண்டால் மட்டும்தான் கணக்கு. பதினாலு சுத்தமாக வந்து, அப்புறம் நாலு எப்படியோ வந்தால் '14+4' என்று எழுதுங்கள். அந்தக் கூட்டல் குறிக்குப் பிறகு வருவதுதான் தோள்பட்டை வலியையும் இடுப்புப் பிடிப்பையும் கொண்டுவரும். பக்கத்திலேயே, அன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு மார்க் போடுங்கள். அதே பதினாலுக்கு முதல் வாரம் 9 போட்டவர் நாலாவது வாரம் 6 போட்டால், எண்ணிக்கை கூடாவிட்டாலும் முன்னேற்றம்தான். சுஸ்ருத சம்ஹிதையில் உடற்பயிற்சியை அவரவர் பலத்தில் பாதி அளவோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறது. வீடியோவில் குதிக்கிற இருபத்தைந்து வயசுப் பையனின் பலத்தில் பாதி இல்லை. உங்கள் பலத்தில் பாதி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் பத்துக்கு 5, 6-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்து நோயைக் கணிப்போம். இதில் மலம், நீர் இரண்டையும் உங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தையும் ஒரு வார்த்தையில் எழுதுங்கள். அளவு மீறி உழைத்தால் வாதம் மிகும். தூக்கம் கெடும், மலம் கட்டும், உடம்பெல்லாம் குத்தும். இந்த மூன்றும் சேர்ந்து இரண்டு நாள் தொடர்ந்தால் மூன்றாம் நாள் ஓய்வு.

நீரைப் பார்க்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் உண்டு. கல்லூரிப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டி வந்தார். நண்பர்களோடு பந்தயம் கட்டி முதல் நாளே முந்நூறு பஸ்கி போட்டிருக்கிறான். இரண்டாம் நாள் தொடை கல் மாதிரி இறுகி, மாடிப்படி இறங்க முடியவில்லை. "உடம்பு சூடு டாக்டர், நீர் டீ டிகாக்‌ஷன் கலர்ல போகுது. ஏதாவது கஷாயம் குடுங்க" என்றார் அந்த அம்மா. நான் கஷாயம் கொடுக்கவில்லை; அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தாங்க முடியாத உழைப்பில் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள நிறப் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். நாள் தவறினால் டயாலிசிஸ் வரை போகக்கூடியது இது. பையன் பிழைத்துக்கொண்டான். பயிற்சிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நீர் பழுப்பாகப் போனால் இளநீர், மோர் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

எவ்வளவு வேகமாகக் கூட்டலாம்?

இதற்கு ஒரு பழைய உதாரணம் எனக்குப் பிடிக்கும். 1950-களில் கனடா நாட்டு விமானப் படைக்காக பில் ஆர்பன் என்பவர் '5பிஎக்ஸ்' என்ற திட்டத்தை வகுத்தார். ஐந்தே பயிற்சி, பதினொரு நிமிஷம், கருவி எதுவும் வேண்டாம். அதோடு படிப்படியான அட்டவணைகள். எந்த வயதுக்காரரானாலும் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதைவிட முக்கியம், இருபது வயதுக்குட்பட்டவர் ஒரு படியில் குறைந்தது ஒரு நாள் நின்றால் போதும். நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரை உள்ளவர் ஏழு நாள் நிற்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர் பத்து நாள். அதிலுள்ள சில பயிற்சிகளை, முக்கியமாகக் காலை நீட்டிப் படுத்து எழுவதை, இடுப்புக்கு ஆகாது என்று இன்று யாரும் சிபாரிசு செய்வதில்லை. ஆனால் வயதுக்கேற்ற அந்த நிதானத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அப்பாவும் பிள்ளையும் ஒரே வீடியோவைப் பார்த்துச் செய்யட்டும். பிள்ளை தினமும் ஒன்று கூட்டினால் அப்பா வாரம் ஒன்று கூட்டட்டும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் வரிசையும் மாறக்கூடாது. உங்கள் வீட்டு மாடிப்படியில் முதல் படியில் மூன்று நிமிஷம் ஒரே தாளத்தில் ஏறி இறங்குங்கள். உடனே உட்கார்ந்து அடுத்த ஒரு நிமிஷத்து நாடியை எண்ணுங்கள். முதல் முறை 128, ஒன்றரை மாதம் கழித்து 112 என்று வந்தால் உங்கள் இருதயம் நன்றாகப் படித்திருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், அவர் வீட்டுப் படியின் உயரம் வேறு. அதே நாளில் தையல்காரர் டேப்பால் இடுப்பையும் அளந்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருப்பது நல்லது. எடை அசையாத மாதத்திலும் இடுப்பு குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே நாடியைக் குறைத்து வைக்கும். அவர்கள் நாடிக் கணக்கை நம்பாமல் பத்துக்கு மார்க் போடும் முறையையே பின்பற்றலாம். பயிற்சியின்போது நாலு வார்த்தை தொடர்ந்து பேச முடிய வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவை அதே நோட்டில் எழுதி, தங்கள் டாக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு இறுக்கம், மயக்கம், இடது கை வலி வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, கிளம்ப வேண்டும்.

தொண்ணூறு நாளில் நடுவே கல்யாணம், ஊர்ப்பயணம், பிள்ளைகள் பரீட்சை எல்லாம் வரத்தான் செய்யும். பத்து நாள் விட்டுப்போனால் 'முதல்லேருந்து ஆரம்பிக்கணும்' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். விட்ட இடத்திலேயே தாவி ஏறவும் வேண்டாம். நோட்டைத் திருப்பி, இரண்டு வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் என்ன செய்தீர்களோ அங்கிருந்து தொடருங்கள்.