மலைக்கும் கடலுக்கும் நடுவே சைக்கிள்: வட வேல்ஸ் போவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

மான்செஸ்டரிலோ லிவர்பூலிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் கோடைக்குப் போய்த் தங்கும் பெற்றோர் இப்போது ஏராளம். விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்று பேச்சு வந்தால் லண்டன், எடின்பரோ என்றுதான் யோசனை ஓடும். பக்கத்திலேயே இருக்கும் வட வேல்ஸ் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் ஸ்னோடோனியா மலைகளும் (இப்போது எரரி என்ற வேல்ஸ் மொழிப் பெயரே வழங்குகிறது) நிற்க, நடுவில் கார், லாரி நுழைய முடியாத சைக்கிள் பாதைகள் அங்கே இருக்கின்றன. சைக்கிளைத் தொட்டுப் பல வருடம் ஆனவர்களும் தைரியமாகப் போகலாம்.

1. பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது பழைய ரயில் பாதையா?" என்பது. நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையைக் குடைந்தும் பள்ளத்தை மேடாக்கியும் மெல்ல ஏறுகிற மாதிரிதான் தண்டவாளம் போட்டார்கள். 1963இல் வந்த பீச்சிங் அறிக்கையை அடுத்து பிரிட்டனில் ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகள் மூடப்பட்டன. அப்படி மூடியவற்றில் சில பின்னாளில் சைக்கிள் பாதைகளாயின. அன்று இன்ஜினுக்குச் செய்த சலுகை இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

2. முதல் நாளுக்கு மௌதாக் பாதைதான் என் சிபாரிசு. டோல்கெத்லாய் ஊரிலிருந்து பார்மத் கடற்கரை வரை சுமார் 15 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுக்கச் சமதளம். 1965இல் நின்றுபோன ரயிலின் தடம் இது. ஒரு பக்கம் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகம், மறு பக்கம் 893 மீட்டர் உயரமுள்ள கேடர் இட்ரிஸ் மலை. கடைசியில் கழிமுகத்தைக் குறுக்காகக் கடக்க 1867இல் திறந்த மரப்பாலம் வரும். பாலத்தில் இன்னமும் ரயில் ஓடுகிறது; ஓரத்திலுள்ள பலகைப் பாதை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். மழையில் நனைந்த பலகை வழுக்கும் என்பதால் ஈர நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. கிளம்புமுன் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறியிருந்தால் கழிமுகம் ஏரி போல நிறைந்திருக்கும். வடிந்திருந்தால் மணல் திட்டுகளும் பறவைகளும் தெரியும். இரண்டுமே அழகுதான். ஆனால் வடிந்த மணலில் குழந்தைகளை இறங்கி ஓட விடாதீர்கள். நீர் திரும்பும் வேகத்தைக் கணிக்க முடியாது.

3. கைர்னார்வான் கோட்டைக்கு அருகே கிளம்பும் லோன் ஐவியன் பாதை, பிரின்கிர் வரை சுமார் 20 கிலோமீட்டர். தெற்கே போகும்போது இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடல். முதல் சில கிலோமீட்டருக்கு வெல்ஷ் ஹைலண்ட் குறும்பாதை ரயில் பக்கத்திலேயே ஓடும். குழந்தைகள் கை காட்டுவதற்காக நின்றுவிடுவார்கள், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். போகும்போது மெல்லிய ஏற்றம் இருக்கும். அந்தப் பக்கம் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் காற்றும் எதிரே வரும். திரும்பும்போது இரண்டும் நமக்குச் சாதகமாகிவிடும். ஆகவே போகும்போதே பாதித் தெம்புக்கு மேல் தீர்ந்தாலும் பயப்பட வேண்டாம்.

4. கொஞ்சம் பழகியவர்களுக்கு லோன் லாஸ் ஓக்வென். பாங்கர் அருகே போர்த் பென்ரின் துறைமுகத்தில், கடல் மட்டத்தில் தொடங்கி, சுமார் 18 கிலோமீட்டரில் 300 மீட்டருக்கு மேல் இருக்கும் ஓக்வென் ஏரிக்கு ஏறுகிறது. 1801இல் இங்கே குதிரைகள் இழுத்த தண்டவாள வண்டிகளில் பென்ரின் குவாரியின் சிலேட் பலகைகள் துறைமுகத்துக்கு இறங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப் பெரிய சிலேட் குவாரி அது. வழியில் வரும் பெதெஸ்டா ஊரை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். 1900 முதல் 1903 வரை அங்கே தொழிலாளிகள் நடத்திய வேலைநிறுத்தம் பிரிட்டனின் மிக நீண்ட தொழில் தகராறுகளில் ஒன்று. ஊரைச் சுற்றி நிற்கும் சாம்பல் நிறக் கல் மேடுகளை வெறும் இயற்கைக் காட்சியாகப் பார்க்க எனக்கு மனம் வராது. 2021இல் இந்தச் சிலேட் நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காலையில் ஏறி, ஏரிக்கரையில் சாப்பிட்டு, பிற்பகலில் இறங்குங்கள். இறங்குமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்திச் சோதிப்பது கட்டாயம்.

5. "வாகனமில்லாப் பாதை" என்று எழுதியிருந்தாலும் நடுநடுவே சாலை வரும். கைர்னார்வானிலிருந்து வெலின்ஹெலி வரை மெனாய் நீரிணை ஓரமாக வரும் பாதை, பாங்கர் போய்ச் சேர்வதற்குள் தெருக்களில் கலக்கிறது. ஓக்வென் பாதையின் மேல் பகுதியும் சிறு சாலைதான். குழந்தைகளோடு போனால் அந்த இடங்களை முந்தின இரவே வரைபடத்தில் குறித்துக்கொண்டு இறங்கி நடக்கலாம். ஓர் ஆறுதல்: 2023 செப்டம்பர் முதல் வேல்ஸ் முழுவதும் குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 20 மைல்.

6. வழிகாட்டிப் பலகை நீல நிறத்தில், சைக்கிள் படத்தோடு இருக்கும். சிவப்புக் கட்டத்திலுள்ள எண்ணைப் பின்பற்றினால் போதும். லோன் ஐவியனுக்கு 8, ஓக்வெனுக்கு 82, வடக்குக் கடற்கரைக்கு 5.

7. அந்த 5ஆம் எண் பாதையில் பிரெஸ்டாட்டின், ரில், கோல்வின் பே என்று கடலை ஒட்டியே நெடுந்தூரம் போகலாம். ரில் துறைமுகத்தில் 2013இல் திறந்த 'டிராகன் பாலம்', படகுகளுக்காக மேலே தூக்கிக்கொள்ளும். அதில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமே இடம். இந்தப் பாதையை மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுங்கள். காற்று பெரும்பாலும் முதுகில் இருக்கும். தொடங்கும் ஊருக்கு ரயிலில் போய் இறங்கினால் திரும்பி ஓட்டும் சிரமமும் இல்லை. காற்றில் அடித்து வந்த மணல் பாதையில் குவிந்திருக்கும் இடங்களில் ஹேண்டில்பாரைத் திருப்பாமல் நேராக விடுங்கள், வளைத்தால் சறுக்கும்.

8. ரயிலில் சைக்கிளுக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் பதிவு செய்யுங்கள். நாலைந்து பேர் போவதென்றால் ரயிலில் வெறுங்கையோடு போய், அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் நிம்மதி.

9. வாடகை சைக்கிளில் ஏறியதும் சீட் உயரத்தைப் பாருங்கள். நம்மில் பலர் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி ஓட்டிப் பழகியவர்கள். பத்து கிலோமீட்டர் தாண்டினால் முழங்கால் வலிக்கும் காரணம் அதுதான். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம்.

10. ஊரிலிருந்து பம்பு எடுத்துப் போக வேண்டாம். நம் சாதாரண சைக்கிள் டியூப்பின் வால்வு வேறு. அங்கே கார் டயர் போன்ற வால்வு அல்லது மெலிதான பிரெஸ்டா வால்வு இருக்கும். கடைக்காரரிடமே பொருத்தமான பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கேட்டு வாங்கி, எப்படிக் கழற்றுவது என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

11. எரரியில் உள்ள கிரிப் கோக் முகட்டில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கீழே கடற்கரையில் அதில் ஒரு சிறு பங்குதான். மலைமேல் மேகம் கவிந்தால் அன்று கடலோரப் பாதைக்கு மாறிவிடுங்கள். பல நாட்கள் இதுவே கைகொடுக்கும். மே, ஜூன் மாதங்கள் உத்தமம். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் பெரும்பாலும் இருக்காது.

12. பருத்தி உடை நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரெடுக்கும். செயற்கை நூல் பனியனும் மெல்லிய மழைக்கோட்டும் போதும். சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றினால் காலையில் உலர்ந்திருக்கும். துப்பட்டாவை விட்டுவிட்டு வாருங்கள். சுடிதார் கால், பேன்ட் கால் இரண்டையும் செயின் பக்கம் ரப்பர் பேண்டால் கட்டுங்கள்.

13. சாப்பாடு கட்டிக்கொண்டு போவது அவசியம். இந்தப் பாதைகளில் கடைகள் தள்ளித் தள்ளித்தான் வரும். புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அலுங்காமல் வரும். தயிர்சாதத்துக்குப் பாலைக் கூடுதலாகவும் தயிரைக் குறைவாகவும் சேர்த்துப் பிசையுங்கள். குளிரில் இறுகாமல் இருக்கும். பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டு போனால் மலைக்காற்றில் அதன் அருமை புரியும். வாழைப்பழத்தைப் பையில் போட்டால் நசுங்கும், எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள்.

14. இந்தப் பாதைகள் நடப்பவர்களுக்கும் சொந்தம். தூரத்திலேயே மணியடித்து, வேகம் குறைத்து, நன்றி சொல்லித் தாண்டுங்கள். குதிரை வந்தால் மணி வேண்டாம், குரல் கொடுங்கள். மிரண்டால் அதன்மேல் இருப்பவருக்கு ஆபத்து. ஆடு மேயும் இடங்களில் நாம் திறந்த கேட்டைத் திரும்ப மூடாமல் போவது பெரும் தவறு.

15. பிரிட்டனில் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கட்டாயம். பெடலோடு மோட்டார் உதவும் சைக்கிளை 14 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமல் ஓட்டலாம், மணிக்கு 15.5 மைலைத் தாண்டினால் மோட்டார் உதவி நின்றுவிடும். முழங்கால் தேய்மானம் உள்ள பெரியவர்களுக்கு இது வரப்பிரசாதம். யோசிக்காமல் கேட்டு வாங்குங்கள்.

16. பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் நிற்காது. வரைபடத்தை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதர், பெரணிச் செடிகளுக்குள் உட்கார்ந்து எழுந்தால் மாலையில் கால் மடிப்புகளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முனை மெலிந்த சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கக் கூடாது.

17. சொந்த சைக்கிள் என்றால், கடற்கரையில் ஓட்டிய அன்றே உப்பைக் கழுவ வேண்டும். ஒரு வாளி நல்ல தண்ணீரும் துணியும் போதும். வேகமாகப் பீய்ச்சும் குழாய், சக்கரத்து பேரிங்கில் உள்ள கிரீஸை வெளியேற்றிவிடும். செயினைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் தேய்த்து, நன்றாக உலர விட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் சைக்கிள் எண்ணெய் விட்டு மிச்சத்தைத் துடையுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் போடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. அந்த ஊர்க் குளிரில் செயினிலேயே கட்டியாகி மணலை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.