அனுப்பியாகிவிட்டது, கிடைத்ததா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு முதியவருக்கு நள்ளிரவில் மார்புவலி வந்தது. அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன் செய்தோம். ஆம்புலன்ஸ் டிரைவரின் செல்போனுக்கு முகவரியை அனுப்பியாகிவிட்டது, இதோ வந்துவிடுவார் என்றார்கள். கால் மணி நேரம் வாசலில் நின்றதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பையன் தன் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தான், முதியவர் பிழைத்துக்கொண்டார். பிறகு விசாரித்தால், டிரைவர் அதே மருத்துவமனையின் அடித்தளத்தில் வண்டியோடுதான் இருந்திருக்கிறார். அங்கே சிக்னல் கிடையாது. டீ குடிக்க மேலே வந்தபோதுதான் செய்தி வந்து விழுந்ததாம்.

யாரும் பொய் சொல்லவில்லை. அனுப்பியதும் உண்மை, கிடைக்காததும் உண்மை.

"பேஜர் காலத்தில் இப்படி ஆகியிருக்காது சார்" என்றார் நண்பர் ஒருவர். ஆகியிருக்காதா? ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்பு வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க ஆசைப்படுகிறேன்.

நம் நாட்டில் பேஜரும் செல்போனும் 1995-ல்தான் வந்தன. இன்றைய பிள்ளைகளுக்குப் பேஜர் என்றால் படத்தில் பார்த்த பொருள். அது வானொலிப் பெட்டியின் தம்பி, கேட்கும், பேசாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பேஜர் நிலையத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஊரிலுள்ள கோபுரங்கள் எல்லாம் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் ஒலிபரப்பும். தன் எண் வந்தால் மட்டும் கருவி கூவும். தனக்குரிய சிறு இடைவேளையில் மட்டும் விழித்துக் கேட்டுவிட்டு மற்ற நேரம் தூங்குவதால் ஒரு பேட்டரி வாரக்கணக்கில் வரும். நூறு பேருக்கு ஒரே குழு எண் கொடுத்திருந்தால், ஒரே ஒலிபரப்பில் நூறு பேரும் கேட்பார்கள்.

செல்போன் குறுஞ்செய்தி அப்படியல்ல. 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் முதல் செய்தி போன நாளிலிருந்து அது தபால் முறையில்தான் நடக்கிறது. செய்தி முதலில் ஒரு மையத்துக்குப் போகும். பெறுபவர் எந்த வட்டாரத்தில் இருக்கிறார் என்று மையம் பதிவேட்டைப் பார்க்கும். அங்குள்ள கோபுரங்கள் அவருடைய போனைக் கூப்பிட, போன் பதில் சொன்னால்தான் பட்டுவாடா. பதில் இல்லையென்றால் செய்தி மையத்திலேயே காத்திருந்து மறுபடி முயலும். நூறு பேருக்கு நூறு பட்டுவாடா. (ஆங்கிலத்தில் 160 எழுத்து இடம், தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் காலும் தனித்தனிக் கணக்கு. 'பாண்டியன்' நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது.)

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை லண்டன் பார்த்தது. 2005 ஜூலை 7 காலையில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டார்கள். ஊரே ஒரே நேரத்தில் செல்போனைக் கையில் எடுத்தது, இணைப்புகள் திணறின. ஆம்புலன்ஸ் சேவையின் மேலாளர்களும் அதே செல்போனைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். 2006-ல் லண்டன் பேரவைக் குழுவின் அறிக்கை இதைக் குறையாகச் சொன்னது. மேலாளர்களின் கைக்குப் பேஜர் வந்தது.

அதே நாட்டில் 2019 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக், அரசு மருத்துவமனைகளில் இருந்த சுமார் 1,30,000 பேஜர்களை 2021 இறுதிக்குள் கைவிடச் சொன்னார். ஆண்டுச் செலவு 66 லட்சம் பவுண்டு. மருத்துவர் பேஜர் கூவியதும் ஒரு தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும், எது அவசரம் என்றும் தெரியாது என்பது அவர் குறை. நியாயமான குறைதான். ஆனால் மற்றத் தொடர்புகள் அறுந்துபோகும் வேளைக்கென்று சில பேஜர்களை வைத்துக்கொள்ள அனுமதியும் கொடுத்தார்கள்.

நண்பருக்கு என் பதில் இதுதான். அந்த அடித்தளத்தில் பேஜர் கூவியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கூவாமல் போயிருந்தால் அதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது. பேஜருக்கு வாய் இல்லை. செல்போனுக்கு வாய் உண்டு. அதைப் பயன்படுத்தாததே அன்று நடந்த தவறு.

ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்மேனிடம் "கேட்டை மூடு" என்று சொன்னதோடு விடமாட்டார். கேட்மேன் மூடிவிட்டு, தன்னிடமுள்ள அச்சிட்ட தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் சொல்ல வேண்டும். சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும். அந்த எண் இவர் காதில் விழுந்து பதிவேட்டில் ஏறிய பிறகுதான் சிக்னல். எண் வரவில்லை என்றால் கேட் மூடவில்லை என்றே பொருள்; ரயில் நிற்கும்.

ஆம்புலன்ஸுக்கும் இதுவே போதும். செய்தியிலேயே அனுப்பிய நேரம் இருக்கட்டும். தாமதமாக வந்தால் பழையது என்று தெரியும். டிரைவர் "கிடைத்தது, கிளம்பிவிட்டேன்" என்று பதில் தரும்வரை அனுப்பியவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது. ஒரு நிமிடத்தில் பதில் இல்லையா, கூப்பிட்டுப் பேச வேண்டும். அதுவும் இல்லையா, அடுத்த வண்டி.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பகலில் நம் வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலருக்கு இந்தி வராது. 108-க்கோ 112-க்கோ போன் செய்தால், முகவரியைச் சொன்னதோடு எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் பிளாக் எண், எந்த கேட், பக்கத்தில் என்ன கடை என்பதை இந்தியிலும், அதன் உச்சரிப்பைத் தமிழிலும் எழுதி ஒவ்வொரு தமிழ் வீட்டுத் தொலைபேசிக்கு மேலேயும் ஒட்டியிருக்கிறோம். அந்த முதியவர் வீட்டில் மட்டும் இரண்டு ஒட்டியிருக்கிறது; ஒன்று பூஜை அறைக் கதவில்.