ராணியைத் தேடாதீங்க, முட்டையைப் பாருங்க: முதல் வருடத் தேனீப் பெட்டி ஆய்வு

தேனீ வளர்க்கப் பெட்டி வாங்கியாச்சு, தோட்டத்தில் வெச்சாச்சு. அடுத்து என்ன? வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்கணும். முதல் வருடத்தில் பலரும் தடுமாறுவது இந்த ஆய்வில்தான். நம்ம ஊரில் அதிகம் வளர்ப்பது இந்தியத் தேனீ. அடிக்கடி தொந்தரவு செய்தால் கூட்டமே பெட்டியை விட்டு ஓடிவிடும். எட்டியே பார்க்காமல் விட்டாலும் மெழுகுப் பூச்சி புகுந்து அடையைத் தின்றுவிடும். அதனால் அளவோடு, முறையாகப் பார்க்கணும்.

எப்படித் திறப்பது?

வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. மழை, பலத்த காற்று இருந்தால் தள்ளிப் போடுங்கள். வாசலை மறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். முகவலை கட்டாயம். புகை லேசாகப் போதும். ஓரச் சட்டத்தை முதலில் எடுத்தால் மற்றவற்றை நகர்த்த இடம் கிடைக்கும். சட்டத்தை எப்போதும் பெட்டிக்கு நேர் மேலேயே பிடியுங்கள். ராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழும். பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள்.

என்ன பார்ப்பது?

ராணியைக் கண்டே ஆகணும்னு எல்லாச் சட்டத்தையும் புரட்ட வேண்டாம். அறையின் அடியில் சின்ன அரிசிக் குருணை மாதிரி வெள்ளை முட்டை தெரிகிறதா? அது போதும். முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும். ஆகவே முட்டை இருந்தால், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், அறைக்குள் வெளிச்சம் விழும். கண்ணுக்குத் தெரியலையா? கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படம் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அதில் தேதி பதிவாகிறது. என் முதல் வருடத்தில் கைகொடுத்தது அதுதான். ஜூலை 3-ல் எடுத்த படத்தில் முட்டை இருந்தது. ஜூலை 13-ல் ஒரு முட்டைகூட இல்லை. மூடிய புழு அறைகள்தான் இருந்தன. அடையின் நடுவில் நிலக்கடலை மாதிரி ஒரு ராணி அறை, அதுவும் மூடியிருந்தது. ராணி போய்விட்டது, கூட்டமே புது ராணியை வளர்க்கிறது என்பது புரிந்தது. வேறு ராணி வாங்கி விடலாமா என்று மனசு அடிச்சுக்கிட்டது.

ஆனால் கணக்கு வேறு சொன்னது. முட்டையிலிருந்து ராணி வெளிவர 15, 16 நாள் ஆகும். பிறகு அது பறந்து போய் இணை சேர்ந்து, திரும்பி வந்து முட்டையிட இன்னும் ஒன்றிரண்டு வாரம் வேண்டும். இடையில் திறந்தால் கெடுதல்தான். மாலையில் சர்க்கரைப் பாகு மட்டும் கொடுத்து, சட்டங்களைத் தொடாமல் இருந்தேன். ஜூலை 31-ல் திறந்தபோது, அறைக்கு ஒன்றாக முட்டைகள்! கூட்டம் பிழைத்துக்கொண்டது.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

• முட்டையும் இல்லை, ராணி அறையும் இல்லை: வேறு நல்ல பெட்டியிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றைத் தேனீக்களை உதறிவிட்டுக் கொடுங்கள். அதிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.

• ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாக: ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடலாம். அனுபவசாலியிடம் உடனே காட்டுங்கள்.

• அடையின் கீழ் ஓரத்தில் பல ராணி அறைகள்: கூட்டம் பிரியத் தயாராகிறது.

• புழுக்கள் அறைக்குள் நீட்டிப் படுத்து, நீர் நிறைந்த பை போலச் செத்துக் கிடந்தால்: இது தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் ஏராளமான கூட்டங்களை அழித்தது இதுதான். அந்தச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது.

• அடித்தட்டில் நூலாம்படையும் மெழுகுத் தூளும்: மெழுகுப் பூச்சி வந்துவிட்டது. தட்டைச் சுத்தம் செய்து, தேனீ மொய்க்காத பழைய அடையை எடுத்துவிடுங்கள்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறல், உடல் முழுக்கத் தடிப்பு வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கைபேசியில் உதவி

சந்தேகம் வந்தால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் கட்டணமில்லாமல் தமிழிலேயே கேட்கலாம். மானியத் திட்டங்களுக்கு உழவன் செயலியைப் பாருங்கள். தேனீ வளர்ப்போர் பதிவுக்கு மதுகிராந்தி இணையதளம் இருக்கிறது. நேரில் பயிற்சி வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். போகும்போது தேதியுள்ள அந்தப் படங்களையும் எடுத்துப் போங்க. வாயால் விளக்குவதைவிட அவை தெளிவாகச் சொல்லும்.