பாட்டுக் கேட்க ஊர் போகும் பிள்ளைகளுக்கு

பிடித்த இசைக்குழுவை நேரில் கேட்பதற்காகவே வெளியூர் போகும் பழக்கம் இளையவர்களிடம் வளர்ந்துவருகிறது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. மார்கழியில் சபா சபாவாகக் கேட்பதற்கென்றே சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் ரசிகர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ராக் குழுவுக்காகப் பெட்டி கட்டுவதும் அதே ஆசைதான். ஆனால் முதல்முறை போகிறவர்களில் பலர் விமான நிலையம், ஓட்டல், மைதானம், மறுபடியும் விமான நிலையம் என்று போய்த் திரும்பிவிடுகிறார்கள். போன ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. கச்சேரியிலும் பாதி நேரம் களைப்பில் போயிருக்கும்.

இரண்டையும் முழுதாக அனுபவிக்க வழி இருக்கிறது. 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் கோல்ட்பிளே குழு அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் பாடியதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். குழுவும் ஊரும் மாறலாம், முறை மாறாது.

1. கச்சேரிக்கு ஒரு நாள், ஊருக்கு இரண்டு நாள்

இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. கச்சேரிக்கு முந்தைய நாள் ஊருக்கு, கச்சேரி நாள் கச்சேரிக்கு மட்டும், மறுநாள் மீண்டும் ஊருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் கோட்டை, மதியம் மியூசியம், மாலையில் மைதானம் என்று ஒரே நாளில் திணித்தால் மூன்றும் கெடும். மூன்று நாள் விடுப்பு கிடைக்காதென்றால் ஒரு நாளாவது கூட்டிப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால், உங்கள் ஊருக்கே ஒரு குழு வரும்வரை பொறுத்திருங்கள்.

2. டிக்கெட்டுக்குப் போட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள்

கோல்ட்பிளேயின் மும்பைக் கச்சேரிகளுக்கு 2024 செப்டம்பர் 22-இல் விற்பனை தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் அதிகமானோர் இணையத்தில் வரிசை கட்டினார்கள். சற்று நேரத்திலேயே அதே டிக்கெட்டுகள் வேறு இடங்களில் பல மடங்கு விலைக்கு வந்தன. ஆசையில் வாங்கியவர்களுக்கு இரண்டு ஆபத்து: பணம் போகும், டிக்கெட் போலியாகவும் இருக்கலாம். பொறுத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? அகமதாபாத் கச்சேரிகள் பின்னால்தான் அறிவிக்கப்பட்டன. லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் மைதானம் என்பதால் மும்பையில் கிடைக்காத பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. பெரிய குழுக்கள் கூட்டத்தைப் பார்த்து நாள்களைக் கூட்டுவது வழக்கம். முதல் நாளே பதறாதீர்கள்.

3. டிக்கெட் கிடைத்த அன்றே அறையையும் போட்டுவிடுங்கள்

கச்சேரித் தேதி வெளியானதும் அகமதாபாத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறியது. நாள் போகப் போக இன்னும் ஏறுமே தவிர இறங்காது. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். ரயிலில் போகிறவர்கள், முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதை நாள்காட்டியில் குறித்து, அன்று காலையே தயாராக இருங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் நேராக அகமதாபாத் போகிறது. ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். நண்பர்கள் சேர்ந்து போனால் அலுப்பே தெரியாது. கச்சேரி முடிந்த அன்றிரவே திரும்புகிற மாதிரி மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். கடைசிப் பாட்டு முழுவதும் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

4. மைதானத்துக்குப் பக்கத்தில் தங்காதீர்கள்

புதிதாகப் போகிறவர்கள் வரைபடத்தில் மைதானத்தைத் தேடி, அதைச் சுற்றியே அறை பார்ப்பார்கள். அங்கே வாடகை அதிகம், பார்க்க வேண்டிய இடங்கள் தூரம், கச்சேரி நாளில் சாலைகளும் அடைபட்டிருக்கும். மைதானத்துக்குப் போகும் மெட்ரோ தடம் எது என்று பாருங்கள். அந்தத் தடத்தில், ஊரின் நடுவில் ஒரு நிலையத்துக்கு அருகே தங்குங்கள். அகமதாபாத்தில் வடக்கு-தெற்குத் தடம் மொடேரா ஸ்டேடியம் நிலையம் வழியாகப் போகிறது. பழைய ஹைகோர்ட் நிலையத்தில் அது கிழக்கு-மேற்குத் தடத்தைச் சந்திக்கிறது. அந்த நிலையத்தின் பக்கம் தங்கினால் மைதானத்துக்கும் ஒரே வண்டி, பழைய நகரத்து வாசலான காலூப்பூருக்கும் ஒரே வண்டி.

5. முதல் நாள் பழைய நகரத்தில் நடந்து பாருங்கள்

எந்த ஊரானாலும் அதன் பழைய பகுதியைக் காலையில், காலால் நடந்து பார்க்க வேண்டும். 1411-இல் சுல்தான் அகமது ஷா உருவாக்கிய நகரம் அகமதாபாத். 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரம் ஆனது. இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் நகரமும் இதுதான். மாநகராட்சி 1997 முதல் நடத்தும் பாரம்பரிய நடை காலையில் காலூப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும். நடுவில் ‘போள்’ எனப்படும் குறுகிய தெருக்கள் வரும். ஒரு சாதி அல்லது ஒரு தொழில் சார்ந்தவர்கள் சேர்ந்து வாழ்ந்த, தனி வாயில் வைத்த குடியிருப்புகள் அவை. மரத்தில் இழைத்த தூண்களையும், பறவைகளுக்குத் தானியம் போடுவதற்கென்றே தெருவில் கட்டிய மாடங்களையும் நின்று பாருங்கள்.

ஜும்மா மசூதி 1424-இல் கட்டியது, 260 தூண்கள். அங்கிருந்து சிதி சையது மசூதிக்குப் போங்கள். 1573-இல் முடிந்த சிறிய கட்டடம்தான். அதன் கல் சன்னலில் ஒரு மரமும் அதன் கிளைகளும் பின்னிப் பிணைந்து நிற்கும். ஒரே ஒரு சன்னலுக்காக ஒரு ஊருக்குப் போகலாம் என்றால் அது இந்தச் சன்னல்தான். இரவில் மாணிக் சௌக் போங்கள். பகலில் நகைக்கடைகள் நடக்கும் சதுக்கம், கடைகள் அடைத்த பிறகு முழுக்க உணவுக் கடைகளாக மாறிவிடும். ஜனவரி என்றால் குளிர்காலக் காய்களும் கிழங்குகளும் சேர்த்துச் சமைக்கும் உந்தியுவைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

6. ஊரின் வழக்கத்துக்கு நீங்கள் வளைந்துகொடுங்கள்

குஜராத் மதுவிலக்கு மாநிலம். பெட்டியில் பாட்டில் வைத்துப் போய் வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பருப்பிலும் இனிப்பு இருக்கும், முகம் சுளிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஜனவரி இரவில் குளிர் 12, 13 டிகிரி வரை இறங்கும். சென்னைச் சட்டையோடு போய் நடுங்காமல் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நம் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கினால் மணிநகர் பக்கம் விசாரியுங்கள். அகமதாபாத் துணி ஆலைகளில் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி அது.

7. கச்சேரி நாள் காலையில் ஒரே ஓர் இடம்

அன்று ஓய்வுதான் முக்கியம். சும்மா படுத்திருக்க முடியாதவர்கள் அமைதியான ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே அது சபர்மதி ஆசிரமம். மைதானம் இருக்கும் அதே மேற்குக் கரையில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. 1917-இல் காந்தி இங்கே குடியேறினார். 1930 மார்ச் 12 அன்று உப்பு யாத்திரைக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். அவர் வாழ்ந்த ஹிருதய் குஞ்ச் வீட்டின் முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது தூங்கி எழுந்து கிளம்புங்கள். முன் வரிசைக்காக விடியற்காலையிலேயே வாசலில் போய் நிற்பது வேண்டாம். வெயிலிலும் பசியிலும் நின்றவர்கள் கச்சேரி நடுவில் மயங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

8. காதைக் காப்பாற்றுங்கள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். கச்சேரி ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை சொன்னது. பெரிய ஸ்பீக்கர் அருகே அதை எளிதில் தாண்டும். உள்காதில் இருக்கும் நுண்ணிய உணர்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. கோல்ட்பிளேயின் பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்கே காதிரைச்சல் நோய் உண்டு. இளமையில் காதைக் காக்காமல் சத்தமாகக் கேட்டதன் விளைவு என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இசைக் கலைஞர்களுக்கென்று செய்த இயர்பிளக் கிடைக்கிறது. சத்தம் குறையும், பாட்டு தெளிவாகவே கேட்கும். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் சிறு பகுதிதான் அதன் விலை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் காதை முழுதாக மூடும் கவசம் கட்டாயம்.

9. ஒரு பாட்டைப் படம் எடுங்கள், மீதியைக் கேளுங்கள்

கோல்ட்பிளே தன் கச்சேரிகளில் ஒரு பாட்டுக்காவது எல்லோரும் போனைப் பைக்குள் வைக்கும்படி கேட்டுக்கொள்வது வழக்கம். அப்படிக் கேட்டுக்கொண்டதும் அந்தப் பாட்டை முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்த நிமிடத்தில் கூட்டத்தின் குரல் எப்படி உயர்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொருவர் கையிலும் கட்டும் ஒளிப்பட்டை பாட்டுக்கேற்ப நிறம் மாறும்போது, லட்சம் பேரும் சேர்ந்துதான் அந்த மேடையை உண்டாக்குகிறீர்கள். போன் திரை வழியாகப் பார்த்தால் அது புரியாது. வெளியே வரும்போது அந்தப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஊரில் மறுபடி பயன்படுத்துவதற்காகத்தான் சேகரிக்கிறார்கள். நினைவுப் பொருள் என்று எடுத்து வருவது அந்தக் குழுவின் நோக்கத்துக்கே எதிரானது.

10. வெளியே வரும் வழியை உள்ளே போகும்போதே பாருங்கள்

திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரையறை இருப்பதால் பெரிய கச்சேரிகள் அதற்குள் முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள். அந்த முதல் அரை மணி நேரம் நெரிசலில் புகாதீர்கள், இருக்கையிலேயே இருங்கள். கூட்டாகப் போனவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் போன் கோபுரம் திணறும், அழைப்பு போகாது. கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று அன்று காலையே பாருங்கள். பெரிய கச்சேரி நாளில் நேரத்தை நீட்டுவார்கள், எவ்வளவு என்பது அறிவிப்பைப் பார்த்தால்தான் தெரியும். பவர் பேங்கை உள்ளே விடுகிறார்களா என்பதை டிக்கெட் விதிகளில் படித்துவிட்டுப் போங்கள்.

11. மறுநாளை வீணாக்காதீர்கள்

கச்சேரிக்கு அடுத்த நாள் மனம் நிறைந்திருக்கும், பேச்சு குறைந்திருக்கும். ஊருக்கு வெளியே போக அதுவே நல்ல நாள். அகமதாபாத்திலிருந்து 18 கிலோமீட்டரில் அடாலஜ் படிக்கிணறு. 1499-இல் முடிந்தது, ஐந்து தளம் ஆழம். இறங்க இறங்க வெயில் விலகிக் குளிர்ச்சி கூடும். முழு நாள் இருந்தால் கார் எடுத்துக்கொண்டு மொதேரா சூரியக் கோயிலையும் பாட்டன் ஊரில் உள்ள ராணி கீ வாவ் படிக்கிணற்றையும் பார்த்து வாருங்கள். நம் ஊதா நிற 100 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது அந்த ராணி கீ வாவ்தான். துணியில் நாட்டம் உள்ளவர்கள் காலிகோ துணி அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள். பதிவு இல்லாமல் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

12. கூட்டிப் போகத் தயங்காதீர்கள்

அம்மாவையோ அப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு அந்தக் குழுவைத் தெரியாமல் இருக்கலாம். ஊரைப் பார்க்க ஆசை இருக்கும், உங்களுக்குப் பிடித்தது என்ன என்று தெரிந்துகொள்ளவும் ஆசை இருக்கும். அவர்களுக்கு நிற்கும் இடம் வேண்டாம், இருக்கை டிக்கெட்டே எடுங்கள். மற்ற இரண்டு நாளும் அவர்கள் நடை வேகத்துக்கு நீங்கள் நடந்து வாருங்கள்.

பிள்ளைகளே, பாட்டை வீட்டிலிருந்தே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஊரை அப்படிப் பார்க்க முடியாது. அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கும்போது, அதே கையோடு இரண்டு நாள் விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.