கிரேக்க முறையில் ஆட்டுக்கறி கபாப்

கிரேக்கத்தில் இந்தக் குச்சிக் கபாபுக்கு சுவ்லாக்கி என்று பெயர்; தெருக்கடைகளில் அதற்குப் பெரும்பாலும் பன்றிக்கறிதான். வீட்டில் ஆட்டுக்கறியில் செய்வதென்றால் இளம் செம்மறியின் பின்தொடையைக் கேட்டு வாங்குங்கள். எலும்பும் சவ்வும் நீக்கி 3 செ.மீ. துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். கொழுப்பை முழுக்கச் சீவிவிட வேண்டாம். தணலில் உருகிக் கறியை உலராமல் காப்பது அதுதான்.

அரை கிலோவுக்கு ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 3 பல், காய்ந்த ஆரிகானோ 2 தேக்கரண்டி, கொஞ்சம் மிளகுத்தூள். பிசறி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைக்கலாம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். இரவெல்லாம் புளிப்பில் ஊறினால் கறியின் மேல்புறம் மாவாகிவிடும். கரம் மசாலா டப்பா பக்கமே போக வேண்டாம்.

மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். அடுப்புக்கரியில் சுவாலை அடங்கி வெள்ளைச் சாம்பல் படர்ந்ததும், கறியைக் குச்சிகளில் கோத்து, உப்புத் தூவி, திருப்பித் திருப்பி 8 முதல் 10 நிமிடம் சுடுங்கள். எடுத்தபின் 5 நிமிடம் ஆறட்டும்.

தொட்டுக்கொள்ள சட்சிகி: வெள்ளரிக்காயைத் துருவி, உப்பிட்டு, ஒட்டப் பிழிந்து, துணியில் வடித்த கெட்டித் தயிரில் பூண்டோடு கலக்க வேண்டும். பிழியச் சோம்பினால் கிடைப்பது வெறும் பச்சடி.